புகையில்லாக் காற்றைக் கேட்டுப் பெறுவோம்

இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் புகையிலைப் பழக்கம் எவ்வளவு இருக்கிறது என்று 2009-10இலும் 2016-17இலும் நாடு தழுவிய கணக்கெடுப்பு நடந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் சராசரி 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆக இறங்கியது. தமிழ்நாட்டிலோ 16.2 சதவீதத்திலிருந்து 20 ஆக ஏறியது. தேசிய சராசரியைவிட நாம் கீழேதான் இருக்கிறோம். ஆனால் நாடு இறங்கிய நேரத்தில் நாம் ஏறியிருக்கிறோம். சட்டமும் அரசுத் திட்டமும் இருந்தும் இது நடந்திருக்கிறது. இருக்கும் சட்டம் நம் தெருவுக்கு வந்து சேர, அதை நாம் தெரிந்துவைத்துக் கேட்க வேண்டும்.

ஒரு மாநிலம் முனைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா சான்று. 1988இல் அங்கே வாக்காளர்களே வாக்களித்து, சிகரெட் பாக்கெட்டுக்கு 25 சென்ட் கூடுதல் வரி கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பங்கு விழிப்புணர்வுக்கே ஒதுக்கப்பட்டது. 1992இல் பழக்கத்தை விட உதவும் இலவசத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. 1995இல் பணியிடங்களிலும் 1998இல் மதுக்கூடங்களிலும் புகைக்கத் தடை வந்தது. வரி, தடை, பிரசாரம், சிகிச்சை நான்கும் சேர்ந்து செயல்பட்டதில், கால் நூற்றாண்டில் புகைப்பவர்களின் விகிதம் பாதியாகக் குறைந்தது.

ஆபத்து யாருக்கு?

பீடி இலையில் சுற்றியது, அதனால் கெடுதல் குறைவு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. பீடி எளிதில் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதனால் நிகோட்டினும் தாரும் அதிகமாகவே உள்ளே போகின்றன. புகைப்பவரின் நுரையீரலை மட்டுமல்ல, இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் அது கெடுக்கிறது. காசநோய் வரும் வாய்ப்பையும் இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுகிறது.

புகைக்காமல் வாயில் அடக்கிக்கொள்ளும் புகையிலையும், வெற்றிலையோடு சேர்த்துப் போடுவதும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி. இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படிந்த திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

வீட்டில் ஒருவர் புகைத்தால் குழந்தைக்கு மூச்சிரைப்பும் நெஞ்சுச் சளியும் வரக்கூடும். ஜன்னலைத் திறந்து வைப்பதும் மின்விசிறி போடுவதும் போதாது.

சட்டம் தரும் உரிமை

2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிகளும் பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கின்றன. பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், மருத்துவமனை, அலுவலகம், ஓட்டல், திரையரங்கு எல்லாம் இதில் அடங்கும். மீறுபவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். பலருக்குத் தெரியாத விஷயம் வேறொன்று. அந்த இடத்தின் உரிமையாளரோ மேலாளரோ எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்ற பெயரும் அதில் இருக்க வேண்டும். புகார் வந்தும் அவர் பேசாமல் இருந்தால், அங்கே எத்தனை பேர் விதியை மீறினார்களோ அத்தனை பேருக்கான அபராதமும் அவர் தலையில் விழும். ஆகவே புகைப்பவரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. பொறுப்பாளரிடம் போய் விதியைச் சொன்னால் போதும். ரயில் நிலையத்தில் நிலைய அதிகாரிக்கும், பள்ளியில் தலைமை ஆசிரியருக்கும் அபராதம் விதிக்கும் அதிகாரம் உண்டு.

18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பது குற்றம். "அப்பா வாங்கிவரச் சொன்னார்" என்று பிள்ளை சொன்னாலும் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. பிள்ளையை அனுப்பும் பழக்கத்தைத் தந்தையும் நிறுத்த வேண்டும். கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்பனையே கூடாது. குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

குட்கா போன்றவற்றுக்கு 2013 மே மாதத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு தடை விதித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை ஆணையை ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. கடையில் விற்பது தெரிந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். இ-சிகரெட்டை விற்பதும் இருப்பு வைப்பதும் 2019 முதல் நாடு முழுவதும் குற்றம்.

விட முடியும்

நிகோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். மூளை அதற்குப் பழகிவிடும். அதனால்தான் மனசு வைத்தும் பலரால் விட முடிவதில்லை. இதை ஒழுக்கக் குறைவு என்று பார்க்காமல், சிகிச்சை தேவைப்படும் நிலை என்று பார்க்க வேண்டும். நிறுத்திய முதல் மூன்று நாள்தான் கடினம். எரிச்சல், தூக்கமின்மை போன்றவை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தணியும். உந்துதல் எழும்போது சில நிமிடம் தள்ளிப்போட்டால் அது தானே அடங்கும். தண்ணீர் குடியுங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், யாரிடமாவது பேசுங்கள்.

பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்து ஆலோசனை பெறலாம். தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவமனைகளில் பழக்கத்தை விட உதவும் மையங்கள் இயங்குகின்றன. நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை, மாத்திரைகள் உண்டு. எது ஏற்றது என்பதை மருத்துவர் சொல்வார். ஒருமுறை விட்டு மறுபடி தொட்டவர் மனம் தளர வேண்டாம். பலரும் சில முயற்சிகளுக்குப் பிறகே முழுதாக விடுகிறார்கள். விட்ட ஓராண்டில், கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. வீட்டார் ஏசுவதைவிட, விடும் நாளைச் சேர்ந்து குறித்து, அன்று வீட்டிலிருக்கும் பீடியையும் தீப்பெட்டியையும் அகற்றுவது பலன் தரும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் பள்ளி வாசலிலிருந்து 100 கஜத்தை அளந்து கோடு போடச் சொல்லுங்கள். கிராம சபையில் எழுந்து, நம் ஊர் பேருந்து நிறுத்தத்தில் எச்சரிக்கைப் பலகை ஏன் இல்லை என்று கேளுங்கள். தீர்மானம் நிறைவேற்றச் சொல்லுங்கள். திட்டத்தைச் சென்னையில் வகுக்கலாம். அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் ஊரில் இருக்கும் நாம்தான்.