ஓசூர்த் தொழிற்பகுதியில் இரைச்சலால் வரும் செவித்திறன் குறைபாடு

இரைச்சலால் வரும் செவித்திறன் குறைபாடு என்பது, உரத்த ஒலியில் நீண்ட காலம் வேலை செய்வதால் உட்காது சிறுகச் சிறுகச் சேதமடைந்து, கேட்கும் திறன் நிலையாகக் குறைந்துபோவதாகும். இதில் வலி இல்லை, சீழ் வராது, காய்ச்சலும் இல்லை. பெரும்பாலும் இரண்டு காதும் ஒரே அளவில் குறைவதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இல்லை. அதனால் வீட்டாரும் உடன் வேலை செய்வோரும் அறிந்த பிறகே பாதிக்கப்பட்டவர் அறிகிறார்.

பின்புலம்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. மோட்டார் வாகனத் தொழிலைச் சார்ந்து உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் பல பெருகின. தகடு வெட்டும் பிரஸ், இரும்பைச் சூடாக்கி அடிக்கும் ஃபோர்ஜிங், கிரைண்டிங், காற்றழுத்தக் குழாயால் தூசி ஊதுதல் ஆகிய எல்லாம் காதைத் தாக்கும் வேலைகளே. மாவட்டத்தின் கிரானைட் குவாரிகளில் பாறை துளைப்போரும், கல் அறுத்து மெருகேற்றுவோரும் இதே நிலையில் உள்ளனர்.

நோய் புதியதன்று. 1886இல் கிளாஸ்கோ நகரின் காது மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தார். அவர்களில் ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை.

காதினுள் நடப்பது

செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடு போன்ற காக்ளியாவில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. அவையே அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. கடும் இரைச்சலில் இவை முதலில் களைத்துப்போகின்றன. வேலை முடிந்து வெளியே வரும்போது காது அடைத்ததுபோல் இருப்பதும், ‘கொய்ங்’ என்ற ஒலி கேட்பதும் இக்களைப்பின் அடையாளம். ஓய்வில் அது தெளியும். களைப்பு நாள்தோறும் தொடர்ந்தால் செல்கள் இறந்துவிடும். மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. மருந்தோ அறுவையோ அவற்றைத் திருப்பித் தராது.

முதலில் பாதிக்கப்படுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் ஒலிகள். பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். மெய்யெழுத்துகளை வேறுபடுத்தும் நுண்ணொலி பெரிதும் உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். எனவே ‘பசி’, ‘பதி’, ‘படி’ என்பவை ஒன்றுபோல் கேட்கத் தொடங்கும். “சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை” என்பது இந்நோயின் முதல் வாக்குமூலம்.

அடையாளம் காணுதல்

தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்கும் ஊர் ஓசூர். இப்போது வடமாநிலத் தொழிலாளரின் இந்தியும் சேர்ந்துள்ளது. மேற்பார்வையாளர் சொன்னது புரியாதபோது, “அவர் பேசும் மொழி எனக்குச் சரியாக வராது” என்று தொழிலாளி எண்ணிக்கொள்வது எளிது. மேற்பார்வையாளரும் அப்படியே எண்ணுவார். காதின் குறை மொழியின் குறையாகக் கணக்கில் எழுதப்படும். இதைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: தாய்மொழியில் வீட்டார் பேசுவது, அதுவும் நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில், புரிகிறதா? அங்கும் திரும்பத் திரும்பக் கேட்க நேர்ந்தால் குறை மொழியில் இல்லை.

தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவது, கைப்பேசியை எப்போதும் ஒரே காதில் வைப்பது, பெண்கள் குழந்தைகள் குரல் பிடிபடாமல் ஆண்குரல் மட்டும் தெளிவது, கேட்டதற்கு வேறொரு பதில் சொல்வது, பேசுபவரின் வாயையே பார்ப்பது, இரவில் காதில் இரைச்சல் ஆகியவையும் அறிகுறிகள். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்துகொள்பவரைக் ‘கர்வம் பிடித்தவர்’ என்று உறவினர் சொல்வதுண்டு. பல நேரங்களில் அது கர்வமில்லை, காது.

ஒரு காதில் மட்டும் திடீரென, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ கேட்கும் திறன் போனால் அது வேறு நோய், அவசரமானது. முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் மீள வாய்ப்பு அதிகம். ‘சளியாக இருக்கும், தானே சரியாகும்’ என்று காத்திருக்கக் கூடாது.

சோதனையும் சிகிச்சையும்

முதலில் பார்க்க வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். அழுக்கு அடைத்திருப்பதும், செவிப்பறையில் ஓட்டை இருப்பதும் கேட்பதைக் குறைக்கும். அவை சரிசெய்யக் கூடியவை. அதற்கு முன் காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது, ஊக்கால் குடைவது ஆகியவை உள்ள காதையும் கெடுக்கும்.

அடுத்தது ஆடியோமெட்ரி. ஒலி புகாத அறையில் ஹெட்ஃபோன் வழியாக வெவ்வேறு அதிர்வெண்ணில் மெல்லிய ஒலிகளைக் கேட்கச் செய்து, கேட்டவுடன் பொத்தானை அழுத்தச் சொல்வர். வலியில்லாத சோதனை. முந்தைய இரவு முதல் இரைச்சலில் இல்லாதிருந்தால்தான் முடிவு சரியாக வரும். நைட் ஷிஃப்ட் முடித்து நேராகச் செல்வது வீண். 4,000 ஹெர்ட்ஸ் அருகில் கோடு பள்ளமாக இறங்கினால் இரைச்சலின் கைவரிசை என்று மருத்துவர் ஐயுறுவார்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தம் மருந்தகத்தின் பரிந்துரையுடன் செல்லலாம். மற்றவர்களுக்கு ஓசூர் அரசு மருத்துவமனையும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. எல்லைக்கு அப்பால் மைசூருவில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் 1960களிலிருந்து இத்துறைக்கென்றே இயங்குகிறது.

இழந்ததைத் திரும்பப் பெற முடியாவிட்டாலும் செவித்துணைக் கருவி பேச்சைப் புரியவைக்கும். அதை ஆடியோகிராமுக்கு ஏற்பப் பொருத்த வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவான ஒலிபெருக்கி எல்லா ஒலியையும் ஒன்றாகக் கூட்டித் தலைவலியைத்தான் தரும். பாத்திர ஓசைகூடப் பெரிதாகக் கேட்கும் முதல் சில வாரங்களில் பலர் கருவியைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். மூளை பழகும்வரை பொறுக்க வேண்டும். வீட்டாரும் கத்தாமல், முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேச வேண்டும்.

காதடைப்பான்

கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கு ஒலி ஏறத்தாழ 85 டெசிபலைத் தாண்டியிருக்கும், காதடைப்பான் தேவை. நுரையாலான அடைப்பானை மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, விரியும்வரை பிடிக்க வேண்டும். காதோரத்தில் தொங்கவிட்டால் பயனில்லை. ஒலி 3 டெசிபல் கூடும்போது அதன் ஆற்றல் இருமடங்காகிறது. ஆகவே 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானையும் எட்டு மணி நேர வேலையில் நான்கு மணி நேரம் கழற்றி வைத்தால், கிடைக்கும் பாதுகாப்பு ஏறத்தாழ 3 டெசிபல்தான். கணக்குப் பாடம் போட்டுப் பார்த்தவர் கழற்றமாட்டார். அதிகாரி வரும்போது மட்டும் மாட்டும் வழக்கத்துக்கு இதுவே விடை.

சட்டம்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இ.எஸ்.ஐ. திட்டத்திலும் இது தொழில்சார் நோய். மருத்துவக் குழு நிலையான இழப்பை மதிப்பிட்டால் உதவித்தொகைக்கு வழி உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழின் அளவுகோல் வேறு: 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு காதிலும் 60 டெசிபல் இழப்பு வேண்டும். இரைச்சலால் பாதிக்கப்பட்டவர்களில் பலர் அந்த அளவை எட்டுவதில்லை.

வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் குறையை மறைப்போர் உண்டு. அந்த அச்சத்தைக் காரணமற்றது என்று தள்ள முடியாது. மேலும் இரைச்சல் மிகுந்த வேலையில் ஆறு மாதமாவது தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்பது இ.எஸ்.ஐ. திட்டத்தில் இந்நோய்க்கு உள்ள நிபந்தனை. வேலையில் அடிக்கடி இடைவெளி விழும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இதைக் காட்டுவது கடினமாகலாம். வேலையில் சேரும்போது எடுத்த ஆடியோகிராம் இருந்தால், குறை எப்போது தொடங்கியது என்பதைக் காட்ட அதுவே சான்று. அதன் நகலைக் கேட்டு வாங்கி, சம்பளச் சீட்டுகளோடு வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.