கார்வார்க் கடலில் ஒரு நாள்

பெங்களூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஏரி தெரியும்; கடல் தெரியாது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்தது இந்நகரம். ஆண்டுக்கொரு முறை ஊருக்குச் சென்றாலும், கோவில், கல்யாணம், பங்காளி வீடு என்று விடுமுறை கரைந்து போகிறது. படப்புத்தகத்தில் கண்ட கடலோடு பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்புகிறார்கள். இக்குறையைத் தீர்க்கவேண்டுமென்று எங்கள் தெருவிலுள்ள ஆறு குடும்பத்தார் கூடிப் பேசினோம். சென்ற தை மாதத்தில் தொடர்ந்து விடுமுறை வந்தபோது, சிறுவரும் பெரியவருமாக 23 பேர் கார்வாருக்குப் புறப்பட்டோம். அங்கே ஒரு பகல் முழுவதும் கடற்கரையைச் சுற்றிக்காட்டி, விசைப்படகில் ஏற்றி, ‘டால்பின்’ என்று பிள்ளைகள் கூறும் ஓங்கில்களையும் காட்டுவதாக வழிகாட்டி ஒருவருடன் முன்னதாகவே பேசியிருந்தோம்.

அன்று நாங்கள் கண்ட இன்பத்தை மட்டுமன்றி, செய்த பிழையையும் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலை இறங்கிய வண்டி

மாலையில் ஏறிக் காலையில் இறங்கும் பிரயாணம் அது. ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எமக்கு, கோப்பில் கண்ட பாதையை நேரில் காண்பதில் தனி ஆவல் இருந்தது. சக்லேசபுரத்துக்கும் சுப்பிரமணிய ரோடுக்கும் இடையேயுள்ள சுமார் 55 கிலோமீட்டர் தூரத்தில் 57 குகைப்பாதைகள் இருக்கின்றன. 50 அடிக்கு ஓர் அடி என்னும் சரிவில் வண்டி இறங்குகிறது. 1979-ஆம் ஆண்டில் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது இது. அகலப்பாதை வேலைக்காக 1996-இல் மூடப்பட்டு, 2007 டிசம்பரில்தான் பயணிகள் வண்டிகள் மறுபடியும் ஓடத் தொடங்கின. ஆனால் நாங்கள் கடந்ததோ நள்ளிரவு. குகைக்குள் புகுவதும் வெளிவருவதும் வண்டியின் ஓசை மாறுவதைக் கொண்டே தெரிந்தது.

பொழுது விடிந்தபோது கொங்கண் ரயில்வேயில் சென்றுகொண்டிருந்தோம். இப்பாதை முழுவதும் திறந்துவைக்கப்பட்டது 1998 ஜனவரி 26-இல். ஹொன்னாவரத்தில் சராவதி ஆற்றைக் கடக்கும் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமுடையது. எமது ஆறு வயது மகள் ஜன்னலோரம் அமர்ந்து, “இதுதான் கடலா அப்பா?” என்று கேட்டாள். “இல்லையம்மா, இது ஆறு. அதோ பார், அக்கரை தெரிகிறது” என்றோம். அவளும் அல்சூர் ஏரியைப் பார்த்தவள். அக்கரையுள்ள நீரையே அறிந்தவள்.

கார்வார் நிலையம் ஊருக்கு வெளியே சிர்வாட் என்னும் இடத்தில் இருக்கிறது. வழிகாட்டி அங்கே வேனுடன் காத்திருந்தார். கொங்கணி அவருடைய வீட்டு மொழி. எங்களிடம் கன்னடத்தில் பேசினார். “கடலு இனி ஐந்து நிமிஷம்” என்று அவர் கூறியதும், பள்ளியில் கன்னடம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் ‘கடல்’, ‘கடலு’ என்று இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக் களித்தனர். கடற்கரையில் இறங்கியதும் எம் மகள் சிறிது நேரம் பேசவேயில்லை. பிறகு எம் கையைப் பிடித்துக்கொண்டு, “இதற்கு அக்கரை எங்கே?” என்றாள்.

இக்கடற்கரைக்கு மகாகவி இரவீந்திரநாத தாகூரின் பெயரிட்டிருக்கிறார்கள். அவருடைய தமையனார் சத்தியேந்திரநாதர் இங்கு ஜில்லா நீதிபதியாக இருந்தபோது, 1883-ஆம் ஆண்டளவில், இளைஞராகிய கவி வந்து தங்கினார். காளி ஆறு கடலோடு சேருமிடமும் இவ்வூரே. அவ்வாற்றின் பழைய பாலம் 2024 ஆகஸ்ட் 7-ஆம் நாள் நள்ளிரவில் இடிந்து விழுந்தபோது, தமிழ்நாட்டு லாரி ஒன்று ஆற்றில் வீழ்ந்ததையும், அதன் ஓட்டுநர் உயிருடன் மீட்கப்பட்டதையும் நம்மவர் பலர் செய்தித்தாளில் படித்திருக்கலாம். வழிகாட்டி அவ்விடத்தைக் காட்டியபோது எங்கள் குழுவிலிருந்த தாய்மார் கைகூப்பினர்.

படகுத்துறையில் நேர்ந்தது

எங்களுடன் வந்தவர்களுள் பெரியவர் ஒருவர் இருந்தார். தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு புயலும் கடலும் அவ்வூரை அழித்தபோது அவருக்குப் பத்து வயது. பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டியையே பயணிகளோடு அலை வாரிச் சென்ற இரவு அது. பின்னர் பெங்களூர் வந்து, தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் படகில் கால் வைக்காதவர். “நான் கரையில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்று சொல்லியே எங்களுடன் கிளம்பினார்.

துறையில் எங்களுக்காக இரண்டு படகுகள் நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 10 பேர் என்று எழுதியிருந்தது. நாங்களோ 23 பேர். “குழந்தைகளைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்” என்றார் படகுக்காரர். உயிர்காப்பு அங்கிகள் 18 இருந்தன. சிறுவருக்கு ஏற்ற அளவில் ஒன்றுமில்லை. எங்களுள் சிலர் ஏறத் தயாராகிவிட்டனர். பணம் கட்டியாயிற்று, வெயில் ஏறுகிறது, பிள்ளைகள் அழுகின்றன.

பெரியவர் எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. “தம்பி, உங்கள் ரயிலில் கைக்குழந்தைக்குச் சீட்டு வேண்டாம்தானே?” என்று எம்மைக் கேட்டார். “ஆமாம் ஐயா, 5 வயதுக்குட்பட்டால் வேண்டாம்” என்றோம். “கடல் அந்தச் சலுகை தருவதில்லை” என்றார்.

அதன்பின் ஒருவரும் ஏறவில்லை. இதே கார்வாரில், குருமகட் தீவின் திருவிழாவுக்குச் சென்று திரும்பிய படகு 2019 ஜனவரி 21-இல் கவிழ்ந்து பலர் மாண்டனர். கேரளத்தின் தானூரில் 2023 மே 7-இல் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. அவர்களுள் குழந்தைகளும் பலர். இவற்றையெல்லாம் படித்திருந்தும், படகைக் கண்டவுடன் மறந்துவிட்டோமே என்று வெட்கினோம். வழிகாட்டி நல்லவர்; ஒரு மணி நேரம் அலைந்து மூன்றாவது படகையும் சிறுவர் அங்கிகளையும் கொண்டுவந்தார். எட்டும் எட்டும் ஏழுமாகப் பிரிந்து அமர்ந்தோம். ஆறு பேர் இருந்த படகில் கால் வைத்து ஏழாவதாக ஏறியவர் பெரியவர்தான். யாரும் அவரை அழைக்கவில்லை. தாமாகவே ஏறி எம் மகளின் அருகில் அமர்ந்தார்.

துரத்தலும் காத்திருத்தலும்

படகு கரையை விட்டகன்றதும் காற்று முகத்தில் அறைந்தது. ஆமை முதுகுபோல் தோன்றும் குருமகட் தீவையும், தொலைவில் கலங்கரை விளக்கம் நிற்கும் தீவையும் வழிகாட்டி காட்டினார். 2005-இல் தொடங்கப்பெற்ற ‘கதம்பா’ கடற்படைத் தளம் இவ்வூரை அடுத்திருப்பதால், அப்பக்கம் படகு போகலாகாது, படமும் எடுக்கலாகாது.

சிறிது நேரத்தில், “அதோ!” என்று ஒருவர் கூவினார். நீரில் கருஞ்சாம்பல் நிற முதுகு ஒன்று வளைந்து மறைந்தது. உடனே எங்கள் படகு சீறிப் பாய்ந்தது. வேறு நான்கு படகுகளும் அவ்விடம் நோக்கி விரைந்தன. முதுகு வேறோரிடத்தில் எழும். ஐந்து படகுகளும் அங்கே திரும்பும். “சீக்கிரம், சீக்கிரம்!” என்று நாங்களும் கூச்சலிட்டோம். மறைக்க விரும்பவில்லை, மிகுதியாகக் கூவியவர்களுள் யாமும் ஒருவர்.

பெரியவர் மட்டும் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “தாயும் குட்டியும், தம்பி. நாம் இரண்டுக்கும் நடுவே போய்க்கொண்டிருக்கிறோம்” என்றார். பின் படகோட்டியிடம் கன்னடத்தில், “அப்பா, என்ஜினை நிறுத்து” என்று கேட்டுக்கொண்டார்.

படகோட்டி வியப்புடன் திரும்பினார். “நிறுத்தினால் போய்விடும் ஐயா. காட்டாவிட்டால் நீங்கள் பணத்தைக் குறைப்பீர்கள். காலையில் அப்படித்தானே பேசினீர்கள்?” என்றார்.

அது உண்மை. துறையில் பேரம் பேசுகையில், ஓங்கிலைக் காட்டினால்தான் முழுக்கூலி என்று நிபந்தனை விதித்தவர்கள் நாங்களே. சாமர்த்தியமாகப் பேசிவிட்டோமென்று மகிழ்ந்தும் இருந்தோம். அந்தப் பேச்சுத்தான் என்ஜினை இத்தனை வேகமாக ஓட்டியது என்பது அப்போதுதான் விளங்கிற்று. ரயிலில் சீட்டு வாங்குவது ஊர் போய்ச் சேர்வதற்கு; வழியில் மயில் ஆடவில்லையென்று எவரும் கட்டணத்தைத் திரும்பக் கேட்பதில்லை. கடலில் மட்டும் ஏன் அப்படிக் கேட்டோம்?

“கண்டாலும் காணாவிட்டாலும் பேசிய தொகை முழுவதும் உமக்கே” என்று அறுவரும் ஒருமுகமாகக் கூறினோம். அவர் படகைச் சற்று விலக்கி என்ஜினை நிறுத்தினார். மற்றப் படகுகள் வேறு பக்கம் ஓடின. நீர் படகின் அடியில் தட்டும் ஓசையன்றி வேறொன்றும் கேட்கவில்லை. கால் மணி நேரம் சென்றிருக்கும். ‘பூஸ்’ என்று ஒரு மூச்சு. நாற்பது கஜ தூரத்தில் பெரிய முதுகும், அதையொட்டிச் சிறிய முதுகும் எழுந்தன. மூன்று முறை கண்டோம், பிறகு காணவில்லை. துள்ளவுமில்லை, வேடிக்கை காட்டவுமில்லை. “எங்களூரில் வலையில் ஓங்கில் விழுந்தால் என் தகப்பனார் வலையை அறுத்து விட்டுவிடுவார்” என்று சொல்லி, பெரியவர் கையை நீட்டிக் கடல்நீரைத் தொட்டார்.

மூன்றாவது படகில் சென்றவர்கள் ஒன்றையும் காணவில்லை. அவர்களுக்கு மனத்தாங்கல்தான். ஆயினும் அந்தப் படகுக்கும் முழுக்கூலி கொடுத்தோம். பிற்பகலில் தேவ்பாக் மணலில் பிள்ளைகள் விளையாடியதில் அந்த மனத்தாங்கலும் ஒருவாறு தணிந்தது.

ஓங்கிலைப் பற்றிச் சில செய்திகள்

ஓங்கில் மீன் இனத்தைச் சேர்ந்ததன்று. நம்மைப்போல் நுரையீரலால் மூச்சுவிடுவது. குட்டி ஈன்று பாலூட்டுவது. ஆதலின் மூச்செடுக்க நீரின் மேல் வந்தே ஆகவேண்டும். நாம் காணும் காட்சி அது விளையாடுவதாக இருக்கவேண்டுமென்பதில்லை. மூச்சுக்காக வருவதாகவும் இருக்கலாம். துரத்தும் படகு அந்த மூச்சைத்தான் குறுக்கிடுகிறது.

இந்தியாவின் மேற்குக் கரையோரம் பெரிதும் காணப்படுவது முதுகில் திமில் போன்ற மேடுடைய வகை. இரண்டரை மீட்டர் அளவு வளரும். ஆழக்கடலுக்குச் செல்லாமல், ஆற்றுமுகங்களிலும் ஆழங்குறைந்த கரையோர நீரிலும் வாழ்வது. மீன்வலையும், துறைமுகமும், படகும் மிகுந்த இடமும் அதுவே. ஏறத்தாழ ஓராண்டு கருவைச் சுமந்து ஒரே குட்டியை ஈனும். நீருக்கடியில் ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டே வழியும் இரையும் அறியும். என்ஜின் இரைச்சல் அதற்கு நம் கண்ணில் மண் தூவுவதற்கு ஒப்பாகும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வகையை அழியும் ஆபத்திலுள்ள உயிர்களுள் சேர்த்திருக்கிறது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஓங்கிலுக்கு முதல் அட்டவணையில் இடந்தந்து காக்கிறது. கங்கையாற்று ஓங்கில் 2009-இல் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவிக்கப்பட்டது. தொட்டியில் அடைத்து வித்தை காட்டும் சாலைகளுக்கு 2013-இல் மத்திய அரசு அனுமதி மறுத்துவிட்டது. எனவே ஓங்கிலைக் காணவேண்டுமாயின், அதன் வீடாகிய கடலுக்கு நாம்தான் விருந்தினராகச் செல்லவேண்டும்.

செல்ல விரும்புவோருக்கு

1. மழைக்காலத்தில் இக்கரையில் படகுப் பிரயாணம் ஆகாது. மழை ஓய்ந்தபின், அலை அடங்கிய காலை வேளை நல்லது.

2. படகில் எழுதியுள்ள எண்ணிக்கைக்கு மேல் ஏறாதீர்கள், கைக்குழந்தையையும் எண்ணுங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி கரையிலேயே கட்டப்பட வேண்டும்.

3. கண்டாலும் காணாவிட்டாலும் கூலி ஒன்றே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். துரத்த வேண்டாம், தொலைவில் நிறுத்தினால் போதும் என்றும் சொல்லுங்கள். படகோட்டிக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. நாம் கேட்பதையே அவர் செய்வார்.

4. தின்பண்டங்களையோ பிளாஸ்டிக் பைகளையோ நீரில் எறியாதீர்கள்.

இரவு வண்டியில் திரும்புகையில் பிள்ளைகள் மணலோடு உறங்கிப் போயினர். பெரியவர் மட்டும் விழித்திருந்தார். வரும் கோடையில் தம் பேரப்பிள்ளைகளை இராமேசுவரத்துக்கு அழைத்துச் சென்று, தனுஷ்கோடிக் கரையைக் காட்டப் போவதாகச் சொன்னார். “இத்தனை நாள் அவர்களுக்கு அந்த ஊர்ப்பெயரைக்கூடச் சொன்னதில்லை தம்பி” என்றார். அவருடைய சீட்டுகளை முன்பதிவு செய்யும் பொறுப்பை யாம் ஏற்றிருக்கிறோம். உடன் வர விரும்பும் குடும்பத்தார் முன்னதாகச் சொல்லியனுப்பினால், அவர்களுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்யலாம்.