கொழும்பில் எந்த ஏரியா? பகலில் வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் கிழக்குக் கரையோர ஊர்களில், குடியிருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை பெரும்பாலானோருக்கு வாய்ப்பதில்லை. பெண்பிள்ளைக்குத் தாயின் வளவிலோ அடுத்த வளவிலோ வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். கலியாணம் முடித்த மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறார். அக்கரைப்பற்றின் தமிழரையும் முஸ்லிம்களையும் நீண்டகாலம் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியான தமது நூலில் தாய்வழிக் குடி முறையோடு சேர்த்து இந்த வழக்கத்தை விரிவாகப் பதிந்திருக்கிறார். சீதன வீடு பெற்றோரின் தலையில் ஏற்றும் சுமை பெரிது. அதை நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. நாள் முழுவதும் வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் இருப்பவள் பெண் என்பதால், உம்மாவும் ராத்தாவும் சாச்சியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்படி அவளுக்கு வீடு அமைகிறது. கடலுக்கோ வயலுக்கோ கந்தோருக்கோ போய் வருகிற சிரமம் ஆணுடையது.

கொழும்புக்குக் குடிபெயரும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிறது. வேலை கிடைத்தவர் கணவர். வீடு பார்ப்பவரும் அவர்தான், அல்லது அவருடைய கூட்டாளி. கந்தோருக்கு எவ்வளவு தூரம், நம்ம ஊராக்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்களா என்ற இரண்டு கேள்விகளோடு தேடல் முடிந்துவிடுகிறது. தரகர் காட்டும் வீடுகளில் வாடகை கட்டுப்படியாகும் ஒன்றுக்கு முற்பணம் கொடுபடுகிறது. மனைவியும் பிள்ளைகளும் சாமான் லொறியோடு வரும்போதுதான் அந்த ஏரியாவை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டும் என்பதே இங்கு சொல்ல வந்தது. பகல் முழுவதும் அங்கே இருக்கப்போகிறவர்களின் நாளை வைத்தே ஏரியாவை முடிவு செய்ய வேண்டும். வேலைக்குப் போகிறவரின் பாதை அதற்குப் பிறகு வரட்டும். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ உழைக்க, பிள்ளைகளின் படிப்புக்காகக் கொழும்பில் வீடெடுக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே உழைப்பவரின் பாதை கொழும்பிலேயே இல்லை.

அந்த நாளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். காலையில் சின்னப் பிள்ளையைப் பாடசாலையில் விட வேண்டும், நடுப்பகலில் கூட்டிவர வேண்டும். பின்னேரம் குர்ஆன் ஓத அனுப்ப வேண்டும். இடையில் மீன், மரக்கறி, காய்ச்சலுக்கு மருந்து, கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம். இவற்றில் எத்தனை நடந்துபோகும் தூரத்தில் முடியும், எத்தனை தமிழில் முடியும் என்று எண்ண வேண்டும். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, மருதானை, தெமட்டகொடை போன்ற இடங்களில் தமிழிலேயே கடைத்தெருவைச் சமாளிக்கலாம். மாலபே, கடுவெல, கொட்டாவ பக்கம் போனால் சிங்களம் ஓடாமல் மருந்துக்கடையில்கூட நிற்பது கஷ்டம். கந்தோரில் சிங்களம் பேசிப் பழகிய கணவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படுவதே இல்லை. மனைவியோ ஒவ்வொரு நாளும் அதைச் சந்திக்கிறாள். சில மாதங்களில் வெளியே போவதையே குறைத்துக்கொள்கிறாள். சிங்களம் படித்துக்கொள்ளலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் படித்து முடியும் வரையில் அவளுடைய உலகம் நாலு சுவருக்குள் சுருங்கிவிடக் கூடாது. போக்குவரத்தும் இதே கணக்கில் சேரும். காலி வீதியை ஒட்டிய ஏரியாக்களுக்குக் கரையோர ரயிலும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. ஒன்று நின்றால் மற்றது உண்டு. மாலபேயிலிருந்து கோட்டைக்கு வரவிருந்த இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்டது. வரப்போகும் வசதியை நம்பி வீடு எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதுவே போதும்.

இந்தப் பட்டியலில் மிகக் கனமானது பாடசாலை. முதலில் தமிழ் மொழிமூலப் பிரச்சினை. வாடகை மலிவான புறநகர்களில் தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் அரிது. மருதானை சாஹிரா, பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரி என்று குடும்பங்கள் ஆசைப்படும் பெயர்களில் பல நகரத்தின் உள்ளே இருக்கின்றன. நுகேகொடைக்கு அப்பால் குடியேறி, ஆறு வயதுப் பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி ஸ்கூல் வானில் ஏற்றுகிற பெற்றோர் வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பிள்ளையின் தூக்கத்தில் கட்டுகிறார்கள். அடுத்தது, அரச பாடசாலைகளின் தரம் 1 அனுமதி. அதில் பெரும்பங்கு இடங்கள் அருகில் வசிப்பவர்களுக்கு. வசிப்பதை நிரூபிக்க வாக்காளர் இடாப்பில் ஐந்து ஆண்டுப் பதிவைப் பார்க்கிறார்கள். வீட்டு ஆவணத்துக்குப் புள்ளி உண்டு. வீட்டுக்கு இன்னும் கிட்ட வேறு அரச பாடசாலைகள் இருந்தால் புள்ளி குறையும். எங்கள் ஊர்க் குடும்பங்கள் அடிபடுவது இங்கேதான். கொழும்பில் பல வருடம் இருந்தும் வாக்கை ஊரிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தப் பற்று விளங்காததல்ல. சாய்ந்தமருதுக்குத் தனி உள்ளூராட்சி சபை கேட்டு எழுந்த போராட்டத்தையும் 2018 உள்ளூராட்சித் தேர்தலையும் நினைத்தால், ஊரில் ஒரு வாக்கின் பெறுமதி என்னவென்று தெரியும். ஆனால் வாக்கு கல்முனையிலும் பிள்ளை கொழும்பிலும் இருந்தால், அனுமதி நேர்முகத்தில் அந்தக் குடும்பம் கொழும்பில் குடியிராத குடும்பம்தான். பாடசாலையை மனதில் வைத்து ஏரியாவைத் தேர்பவர்கள், வீடு மாறிய உடனேயே வாக்கையும் மாற்றப் போகிறோமா என்பதை வீட்டுக்குள் பேசி முடிவெடுத்துவிட வேண்டும்.

மழையைப் பற்றிக் கரையோரத்து மக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் மாரி கார்த்திகை, மார்கழியில் வருகிறது. மே மாதம் எங்களுக்கு வெயில். கொழும்பில் மே மாதமே தென்மேல் பருவமழை தொடங்கும் காலம். டிசம்பர், ஜனவரி விடுமுறையில் வந்து வீடு பார்க்கும் ஒருவர், கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியவிலும் பெரும்பாலும் காய்ந்த தெருவைத்தான் பார்ப்பார். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது அந்தப் பகுதிகள் நாட்கணக்கில் நீருக்குள் கிடந்தன. அதே கொலன்னாவையில், 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முஸ்லிம்கள் கணிசமாக வாழும், வாடகை இறங்கிய பகுதி என்பதால் எங்கள் ஆட்கள் தேடிப்போகும் இடங்களில் கொலன்னாவையும் ஒன்று. தேடிப்போவதில் தவறில்லை. ஆனால் தரகரின் வார்த்தையை நம்பாமல், பக்கத்துக் கடைக்காரரிடம் 2016இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டு, சுவரில் அந்த இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். ஒரே ஏரியாவுக்குள் ஒரு ஒழுங்கை மூழ்கும், அடுத்த ஒழுங்கை தப்பும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வாடகை எளிதானது. உள்நகரில் இரண்டு அறை வீட்டின் விலையில் வெளியே முற்றத்தோடு வீடு கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஸ்கூல் வான், முச்சக்கரவண்டி, வகுப்புகளுக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றை மாதக் கணக்கில் எழுதினால் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு உள்நகரின் சிறிய அனெக்ஸே மேல். பாரமான ஆட்சேபம் பாதுகாப்பு. நம்மாக்கள் நடுவே இருக்க நினைப்பது வெறும் பழக்கமல்ல, பயத்தில் பிறந்த விவேகம் என்று சொல்பவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனயிலும் 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டது எல்லோர் நினைவிலும் இருக்கிறது. ஆயினும் 2013இல் பள்ளிவாசல் தாக்கப்பட்ட கிராண்ட்பாஸ் முஸ்லிம்கள் குறைந்த இடமல்ல. 2014இல் எரிந்த தர்கா நகரும் அப்படித்தான். எண்ணிக்கை மட்டும் காவல் தரவில்லை. ஆபத்து நேரத்தில் உதவுவது தெருவில் நம்மைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள், அவர்கள் எந்த இனமானாலும். அந்த அறிமுகத்தை உண்டாக்குகிறவளும் பகலில் அங்கே நடமாடுகிற பெண்தான். நடந்துபோகும் தூரத்தில் ஒரு பள்ளிவாசலும், சந்தா கட்டிச் சேர்ந்துகொள்ள ஒரு மஹல்லாவும் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். ஜனாஸாவிலிருந்து கலியாணக் கடிதம் வரை அது தேவைப்படும். அதற்கு மேல், அடுத்த வீடெல்லாம் கல்முனைக்காரராக இருக்க வேண்டியதில்லை.

உழைப்பவர் தினமும் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் கழித்தால் குடும்பம் நன்றாக இருக்குமா என்ற கேள்வியும் நியாயமானது. அந்தக் களைப்பு வீட்டுக்குத்தான் வந்து சேரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தும் ஒன்றை விடத்தான் வேண்டுமென்றால், பெரியவரின் பாதை நீளலாம், சின்னவரின் பாதை நீளக்கூடாது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கி, ஐந்து நகரங்களின் ஏழைக் குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கலில் தெரிவுசெய்து, வசதி கூடிய ஏரியாக்களுக்கு மாற வாடகை உதவி கொடுத்தார்கள். பொருளியலாளர் ராஜ் செட்டியும் வேறு இரண்டு பொருளியலாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தது. 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில், உதவி கிடைக்காத குடும்பங்களின் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 31 வீதம் கூடுதலாக உழைத்தார்கள். அதற்குப் பின் மாறிய பிள்ளைகளுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. அமெரிக்கச் சேரியும் எங்கள் கரையோரமும் ஒன்றல்ல. ஆனாலும் எங்கே என்பதோடு எந்த வயதில் என்பதும் சேர்ந்துதான் பலன் தருகிறது என்பது இங்கும் பொருந்தும். ஒரு வயதுப் பிள்ளையோடு வருகிறவர்கள் முதல் வருடம் வாடகைக்கு இருந்து, மே மழையையும் ஐப்பசி மழையையும் பார்த்து, பிறகு ஏரியாவை உறுதிசெய்து வாக்கைப் பதிந்தால் தரம் 1க்கு முன் ஐந்து ஆண்டுப் பதிவில் ஒரு பகுதியையாவது சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு நான்கு வயதாகிவிட்ட குடும்பத்துக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. கொழும்புப் பாடசாலைக்காக மட்டுமே வர நினைப்பவர்கள் என்றால், உம்மாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிள்ளையைத் தரம் 5 வரை படிக்கவைத்து, புலமைப்பரிசில் புள்ளியோடு தரம் 6க்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வதிவிடப் புள்ளியும் தேவையில்லை, அதுவரை கொழும்பு வாடகையும் இல்லை.