கடற்காவல் பூண்ட ஸ்கூனர்கள்

இரண்டோ அதற்கு மேலோ பாய்மரங்கள் கொண்டு, முக்கியப் பாய்கள் குறுக்கே விரியாமல் கலத்தின் நீளவாக்கிலேயே அமைந்த கப்பலை ஸ்கூனர் என்பர். இவ்வமைப்பினால் அது எதிர்க்காற்றையும் சாய்வாக ஏற்று முன்னேறும். தளத்தில் நின்றபடியே கயிறிழுத்துப் பாய்களை ஏற்றி இறக்கலாமாதலால், சொற்பமான மாலுமிகளே அதற்குப் போதும். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் மீன்பிடிப்போருக்கு ஜீவனோபாயமாக விளங்கி, பின்னர் தனவந்தர்களின் உல்லாசப் பிரயாணத்திற்கும் உரியதான இக்கலம், 1942-ல் யுத்தத்திலும் ஈடுபட நேர்ந்தது.

அவ்வாண்டு ஜனவரியில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அமெரிக்கக் கீழைக் கரையருகே வந்து, நகரங்களின் விளக்கொளிக்கு எதிரே கருநிழலாகத் தெரிந்த எண்ணெய்க் கப்பல்களையும் சரக்குக் கப்பல்களையும் டார்பிடோக்களால் மூழ்கடிக்கத் தொடங்கின. அவற்றைத் தடுக்கப் போதிய ரோந்துக் கப்பல்கள் கடற்படையிடம் இல்லை. ‘குரூசிங் கிளப் ஆஃப் அமெரிக்கா’ என்னும் சங்கத்தைச் சேர்ந்தோர் தங்கள் பாய்க்கலங்களை மனமுவந்து தர முன்வந்தபோது, அதிகாரிகள் முதலில் அதை ஏற்கவில்லை. நஷ்டம் பெருகிய பின்னரே இணங்கினர். கடலோரக் காவற்படையின் ஆணைக்குட்பட்டு, ரேடியோவும் இயந்திரத் துப்பாக்கியும் பெற்று, ஸ்கூனர்களும் பிற சிறு கலங்களும் ஏறக்குறைய 50 பாக (ஃபாதம்) ஆழமுள்ள எல்லையை ஒட்டி உலவலாயின.

காற்றை நம்பிச் செல்லும் மரக்கலம் இரும்பு நீர்மூழ்கியை என்ன செய்துவிடும் என்ற சந்தேகம் நியாயமானதே. ஆயின் அக்காலத்து நீர்மூழ்கி, உண்மையில், பெரும்பொழுதை நீர்மட்டத்திலேயே கழித்த கப்பலாகும். நீருக்கடியில் அது மின்கலங்களின் சக்தியால் மெதுவாகவே நகரும். அச்சக்தி தீர்ந்ததும் மேலே வந்து, டீசல் இயந்திரத்தை ஓட்டி அவற்றுக்கு மின்னேற்றியாக வேண்டும். சரக்குக் கப்பலை விரட்டிப் பிடிப்பதும் பெரும்பாலும் இரவில், நீர்மட்டத்தில்தான். ஆகவே அதைக் கண்டு ரேடியோவில் அறிவித்துவிட்டாலே, விமானத்திற்கு அஞ்சி அது மூழ்கவும், வேட்டையில் பின்தங்கவும் நேரும். இப்பணிக்குப் பீரங்கியினும் விழித்திருக்கும் கண்களே பிரதானம். பாய்க்கலமோ எரிபொருளின்றிப் பல நாள் கடலில் தங்கவல்லது, சுழல்விசிறியின் ஓசையெழுப்பாமையால் நீர்மூழ்கியின் ஒலிகேட்கும் கருவிக்கும் அகப்படாதது. கரையோரக் கப்பல்களை அணிவகுத்துப் பாதுகாப்புடன் அனுப்பும் முறையும் விமானங்களுமே அபாயத்தை முக்கியமாகத் தணித்தன என்பது மெய்யாயினும், அவை போதாதிருந்த மாதங்களில் இக்கலங்கள் ஆற்றிய ஊழியம் மதிக்கத்தக்கது.

மாலுமிகள் பட்ட சிரமமும் சாமானியமானதன்று. 1942 டிசம்பரில் நான்டக்கெட் தீவிற்கு அப்பால் காவலில் இருந்த ‘ஸைடா’ என்னும் இருபாய்மரக் கலம் புயலில் சேதமுற்று, ஒன்பது பேருடன் தெற்கே அடித்துச் செல்லப்பட்டது. விமானங்களும் கப்பல்களும் நெடுந்தூரம் தேடியும் அகப்படாது ஏறக்குறைய மூன்று வாரம் அலைந்து, வட கரோலினாக் கரைக்கப்பால் கடற்படையின் ஆகாயக் கப்பலொன்றின் பார்வையில் பட்டது. ஒன்பது பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர்.