பல்லும் ஊடுகதிரும்

மாமல்லபுரத்துக் கடற்கரையிற் பன்முறை உலவியவரும், அயலிலுள்ள சாளுவன்குப்பத்து மணலின்கீழ் ஒரு முருகன் கோயில் புதைந்து கிடந்ததை அறிந்திலர். 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின், பாறையிற் பொறித்த எழுத்துகள் வெளிப்பட்டன. அவற்றைத் துணையாகக் கொண்டு தொல்பொருள் ஆய்வுத்துறையினர் 2005ஆம் ஆண்டில் அகழ்ந்து அக்கோயிலைக் கண்டனர். கண்ணுக்குப் புலனாவது மேற்பரப்பே, உள்ளிருப்பது புலனாகாது. இவ்வுண்மை நம் வாய்க்கும் பொருந்துவதாகும்.

பல் உணவை மெல்லுதற்கு மட்டும் அமைந்ததன்று. தகர நகரங்களும் வகரமும் பிறத்தற்குப் பல்லின் துணை வேண்டுமென்பது தொல்காப்பியப் பிறப்பியலால் அறியப்படும். பல் போனாற் சொல் போகும் என்னும் பழமொழியும் இதுபற்றி எழுந்ததே. இத்துணைச் சிறப்புடைய பல்லில் நாம் காண்பது ஈறுக்கு மேலுள்ள சிறு பகுதியே. வேர்கள் தாடையெலும்பினுள் மறைந்துள்ளன. இரு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடமும் கண்ணுக்கு எட்டுவதில்லை. அவ்விடத்தே தொடங்கும் சொத்தை, வலி தோன்றுமுன்னரே நெடுந்தூரம் பரவிவிடும்.

எம் விடுதித் தோழர் ஒருவரின் பாட்டனார் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் வாழ்பவர். கடைவாய்ப்பல் வலித்தபோது கிராம்பையும் புகையிலையையும் அடக்கிக்கொண்டு பல திங்கள் படகேறினார். கன்னம் வீங்கிய பின்னரே பல் மருத்துவரை நாடினார். எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தல் வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அளவில் எழுந்து வந்துவிட்டார். "கல்பாக்கத்தில் அடைத்து வைத்திருக்கிற கதிரை என் வாய்க்குள்ளே விடச் சொல்கிறாயா, தம்பி?" என்று அவர் எம்மை வினவியபோது, யாம் விடை கூறமாட்டாது நின்றோம். யாம் பின்னர்த் தேடிக்கொண்ட விடையே இக்கட்டுரை.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனி நாட்டு வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் என்னும் பேராசிரியர் இக்கதிரைக் கண்டறிந்தார். அதன் இயல்பு விளங்காமையின், கணித நூலார் அறியாத எண்ணுக்கு இடும் 'எக்ஸ்' என்னும் எழுத்தையே அதற்குப் பெயராக்கினார். ஊடுருவிச் செல்லுதலின் தமிழில் அதனை ஊடுகதிர் என்றும் வழங்குவர். அடுத்த ஜனவரியிலேயே அந்நாட்டுப் பல் மருத்துவர் ஆட்டோ வால்காஃப் தம் பற்களைப் படம் பிடித்தார். அதன்பொருட்டு அவர் 25 நிமிடம் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. இன்றோ ஒரு நொடியின் சிறு கூறே போதும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து எட்மண்ட் கெல்ஸ் என்னும் பல் மருத்துவர், கதிரின் தீங்கு அறியப்படாத அக்காலத்திற் பல்லாண்டு தம் கையை அதன் வழியில் நீட்டினார். புற்றுநோயால் விரல்களையும் பின்னர்க் கையையும் இழந்து 1928இல் மாண்டார். ஆதலின் அம்முதியவரின் அச்சம் முற்றும் வீணென்று தள்ளத் தக்கதன்று; எனினும் அஃது அளவறியாத அச்சமாகும்.

பல் மருத்துவரின் கருவியில், அணு உலையின் எரிபொருளைப் போலத் தானே கதிர்வீசும் பொருள் யாதும் இல்லை. விளக்கின் ஒளியைப் போல, மின்னாற் கருவியை இயக்குங்கால் இக்கதிர் தோன்றும். நிறுத்திய அளவில் மறையும். அது பல்லிலும் வாயிலும் தங்குவதில்லை. சுண்ணச்சத்துச் செறிந்த பல்லும் எலும்பும் கதிரைத் தடுத்தலின் படத்தில் வெண்மையாகத் தோன்றும். சொத்தையால் அச்சத்துக் கரைந்த இடம் கருமையாகத் தோன்றும். வேர்நுனியிற் சீழ்கட்டி எலும்பு கரைந்திருப்பின் அங்கு ஒரு கருவட்டம் காணப்படும். ஈறுநோயால் எலும்பு எத்துணைத் தாழ்ந்தது, ஞானப்பல் எப்புறம் சாய்ந்து கிடக்கிறது, குழந்தையின் பாற்பல்லுக்கடியில் நிலைப்பல் உளதோ இலதோ என்பனவும் இதனால் தெளியப்படும்.

செங்கற்பட்டை அடுத்த திருமணி இவ்விடத்து நினைக்கத்தக்கது. லேடி வில்லிங்டன் பெயரால் அங்கு நடைபெற்ற தொழுநோயாளர் இல்லத்தை 1955இல் மத்திய அரசு ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கிற்று. தொழுநோய் முற்றியவழி மேல்வாய் முன்பற்களைத் தாங்கும் எலும்பு தேய்வதுண்டு. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் மோலர் கிறிஸ்டென்சன் பழைய கல்லறைகளின் எலும்புகளில் அத்தேய்வைக் கண்டு விரித்தெழுதினார். உயிரோடிருப்போரிடத்து அதனைக் காட்டவல்லது ஊடுகதிரே. பல்லின் படம் உடல்நோயையும் உணர்த்தும் என்பதற்கு இஃதொரு சான்று.

இனி அளவைக் கருதுவோம். நிலம், வான், உணவு முதலியவற்றிலிருந்து மாந்தர் ஒவ்வொருவரும் இயல்பாகவே கதிர் பெறுகின்றனர். உலகச் சராசரி ஆண்டொன்றுக்கு 2.4 மில்லிசீவர்ட்டு என்பர். வாயினுள் எடுக்கும் சிறு படம் ஒன்றால் வருவது ஏறத்தாழ 0.005 மில்லிசீவர்ட்டே. அஃதாவது, ஒருநாளிற் பெறுவதினும் குறைவு. கல்பாக்கத்துக் கரைமணலிலேயே தோரியம் கொண்ட மோனசைட்டு இயற்கையாகக் கலந்துள்ளது. அணு உலை எழுவதற்கு முன்னரும் அம்மணலில் மக்கள் வலையுலர்த்தி வாழ்ந்தனர்.

சிறிது என்பதனால் வீணாக எடுத்தலும் தகாது. மருத்துவர் வாயை நன்கு ஆராய்ந்து, தேவை கண்ட பின்னரே படம் எடுத்தல் முறை. வளரும் உடலாதலின் குழந்தைகளுக்குப் பின்னும் கருத்து வேண்டும். கருவுற்ற மகளிர் அதனை முன்னரே கூறுதல் நன்று. இன்றியமையாதவழி அவர்க்கும் படம் எடுக்கலாம். நம் நாட்டில் இக்கருவிகளை 1983இல் நிறுவப்பெற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்காணித்து வருகின்றது. மேலும் படம் நிழலேயன்றி முழுப்பொருளன்று. அவ்விடத்துச் சுண்ணச்சத்திற் குறிப்பிடத்தக்க பங்கு கரைந்தாலன்றிச் சொத்தை அதிற் புலப்படாது. ஆகவே மருத்துவரின் கண்ணும் கையும் அறிவும் அதனோடு கூடுதல் வேண்டும்.

இவற்றை அம்முதியவர்க்கு அவர் பேரனும் யாமும் எடுத்துரைத்தோம். நெடுநேரம் வாளா இருந்தவர், "மணலிலேயே இருக்கிறதென்றால் சரி" என்று உடன்பட்டார். படத்தில் வேரடியிற் பெரிய கருவட்டம் தோன்றியது. ஒரு பல்லே நோயுற்றது என எண்ணியிருந்தோம். அயற்பல்லும் பற்றுக்கோடு இழந்திருந்தது. இரண்டையும் களைய நேர்ந்தது. வலி தொடங்கிய திங்களிலேயே படம் எடுத்திருப்பின், இரண்டும் நின்றிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். அச்சொல் அவரினும் எம்மையே மிகச் சுட்டது. கல்லூரியிற் கற்கும் யாம், கேட்டவுடன் விடை சொல்லும் அளவுக்கேனும் கற்றிருந்தோமில்லை.

உடல் இறைவன் நமக்கு ஒப்படைத்த ஆலயம். அதன் மறைவிடத்து நேரும் பழுதைக் காட்ட ஒரு விளக்கும் அவன் அருளாற் கிடைத்துளது. அவ்விளக்கைக் கண்டு அஞ்சாமலும், வேண்டாதவிடத்து ஏற்றாமலும் பயன்கொள்ளுதல் அறிவுடையார் கடன். கற்றோர் அதனைத் தம் வீட்டு முதியோர்க்கு அவர் மொழியிலேயே எடுத்துச் சொல்லுதல் அதனினும் பெரிய கடனாகும்.