மணலின் மேலுள்ள சுமை

1964ஆம் ஆண்டு யூன் 16ஆந் திகதி யப்பானின் நீகாட்டா நகரிலே பூமி அதிர்ந்தது. காவாகிஷிப் பகுதியில் நின்ற நான்கு மாடிக் குடியிருப்புக்கள் இடிந்து விழவில்லை. நிலத்துள் அமிழ்ந்து சரிந்தன. ஒன்று ஏறத்தாழப் படுத்தேவிட்டது. குற்றம் கட்டடத்தினதன்று, அதனைத் தாங்கிய மணலினது.

நீர் நிறைந்த தளர்மணலிலே மணிகள் ஒன்றையொன்று தொட்டு நின்று, அத்தொடுகையாற் சுமையைத் தாங்குகின்றன. அதிர்ச்சியில் அவை நெருங்க முயலும். இடையிலுள்ள நீருக்கோ வெளியேற அவகாசமில்லை. ஆகவே சுமை நீரின்மேல் ஏறுகிறது. நீரமுக்கம் மிகுந்து மணிகளின் பிடி தளர்கிறது. பிடி அற்றதும் மணல் குழம்பாகின்றது.

அப்படியாயின், மேலே சுமை கூடினால் ஆபத்தும் கூடுமென்றே எவரும் எண்ணுவர். நீகாட்டாவிலோ, ஏறத்தாழ 9 அடி உயரத்துக்கு மண் நிரப்பியிருந்த ஓரிடம் உறுதியாய் நிற்க, அதன் அயலிலே நிரப்பாத நிலம் குழம்பிற்று.

கணக்கு எளியது. நிலமட்டம் வரை நீர் நிற்கும் மணலில் 5 மீற்றர் ஆழத்தை எடுத்துக்கொள்க. அங்கே ஒரு சதுர மீற்றரின்மேல் மணலும் நீருமாக ஏறக்குறைய 10 தொன் நிறையுண்டு. பாதியை நீர் தாங்குவதால், மணிகளை இறுக்குவது 5 தொன்னே. மேலே 9 அடி மண்ணிட்டால் இன்னும் 5 தொன் சேரும். நீர்மட்டம் உயராதவரை அது முழுவதும் மணிகளையே சாரும். இறுக்கம் இருமடங்காகிறது, அதிர்ச்சி உலுக்கும் மொத்த நிறையோ 10இலிருந்து 15 ஆகி, ஒன்றரை மடங்கே ஆகிறது. நிலம் தப்பியதில் இவ்வேறுபாட்டுக்குப் பெரும் பங்குண்டு.

இதனைக் கேட்டு மண்ணை மலைபோற் குவிக்கப் புறப்படுவோர் சற்றுப் பொறுக்கவேண்டும். இறுக்கம் கூட எதிர்ப்பும் கூடுமாயினும், அதே வீதத்திற் கூடுவதில்லை. செறிந்த மணலின் மணிகள் சிறிய அமுக்கத்தில் ஒன்றன்மேலொன்று ஏறி விரிய முயலும். அதுவே அவற்றுக்குக் காவல். பேரமுக்கத்தில் அவ்வாறு ஏறுதல் அரிது. சரிவான இடத்திலோ, சுமை மண்ணை இறுக்குவதோடு நில்லாது கீழே தள்ளவுஞ் செய்யும்.

1971ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி கலிபோர்ணியாவில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியில், சான் பெர்னாண்டோக் கீழணையின் நீர்ப்பக்கச் சரிவு நீர்த்தேக்கத்துள் வழுக்கிற்று. அணையின் உள்ளே மண்ணின்மேற் சுமைக்குக் குறைவில்லை. ஆயினும், நீரோடு கலந்து பாய்ச்சி நிரப்பப்பட்டிருந்த தளர்மண் குழம்பிவிட்டது. எஞ்சிய வரம்பு நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 5 அடியே நின்றது. அணையின் கீழே வாழ்ந்த சுமார் 80,000 பேர் வெளியேற்றப்பட்டனர். நீர் இறக்கப்படும்வரை அவர்கள் வீடு திரும்பவில்லை.