உங்களுக்குத் தெரியுமா? – பிறர் விடும் புகை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நெருங்கி எழுந்துள்ள தொடர்மாடிகளில், ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் பற்றவைக்கும் சிகரட்டின் புகையானது, 7,000க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருட்களையும், அவற்றுள் புற்றுநோயை விளைவிக்கவல்ல ஏறத்தாழ 70 விஷங்களையும் சுமந்து, அக்குடும்பத்துக் குழந்தைகளின் சுவாசப்பைகளைச் சென்றடைகிறது. அவர் ஊதிவிடும் புகையினும், சிகரட்டின் நுனியிலிருந்து தானே எரிந்தெழும் புகையே இதில் பெரும்பகுதி.

ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா, தாம் ஒருபோதும் புகைத்தறியாத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் அவதானித்து, கணவர் மிகுதியாகப் புகைத்த இல்லங்களில் அப்பெண்கள் சுவாசப்பைப் புற்றுநோய்க்கு அதிகமாக இரையாவதை 1981இல் வெளியிட்டார். எத்துணை அநீதி இது! இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடைசெய்துள்ளதாயினும், வீட்டினுள் அது நுழைவதில்லை; யன்னலைத் திறப்பதாலோ மின்விசிறியைச் சுழலவிடுவதாலோ அந்நஞ்சு முற்றாக அகல்வதுமில்லை.